தம்பி வீட்டுக் கோடி

அக்கா செத்துப்போனாள் என்று கேட்டதும் மணிராஜுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான்.

காலையில் பக்கத்து வீட்டுக்காரன் செல்போனில் யாரோ வைத்த ஸ்டேட்டஸைக் காட்டினான். வெயிலம்மாளின் படம், கீழே கும்பிடுகிற கைகள். இன்றைக்கு அக்கா வீட்டார் என்னிடம் வந்துதானே ஆகவேண்டும் என்றுதான் மணிராஜ் நினைத்தார்.

ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அக்கா மகளைத் தன் மகனுக்குக் கேட்டிருந்தார். பெண் நர்ஸ் படிப்புப் படித்தவள், பையன் லாரியில் போகிறவன். அக்கா தூத்துக்குடியில் வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டாள். கல்யாணப் பந்தலிலேயே வைத்து மணிராஜ் சத்தம் போட்டார். இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன், நீ செத்த அன்றைக்கு உன் புருஷன் என் வாசலில் வந்து நின்று கோடி கேட்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

மாலையும் கழுத்துமாகப் பெண் நிற்கிற இடத்தில் பேசுகிற பேச்சா அது? பேசினார்.

இந்தப் பக்கத்தில் பெண் செத்தால், பிறந்த வீட்டுக் கோடிச்சேலை உடம்பில் விழாமல் பாடை கிளம்பாது. புருஷன் வீட்டுப் பீரோவில் பத்துப் பட்டு இருந்தாலும் சரி, அண்ணனோ தம்பியோ கொண்டுவருகிற அந்த ஒரு சேலைக்காக ஊரே காத்துக்கிடக்கும். வெயிலம்மாளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது மணிராஜ் ஒருத்தர்தான்.

சேதி கேட்டு வள்ளிமயில் அழ ஆரம்பித்தாள். முறையாகச் சொல்லி வராமல் என்ன அழுகை என்று பெண்டாட்டியை அதட்டி உள்ளே அனுப்பினார். அக்கா ஊர் குளத்தூர் என்ன சீமையிலா இருக்கிறது, பைக்கை எடுத்தால் அரைமணி நேரம், வரட்டும் என்றார்.

சவரம் செய்துகொண்டார். துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

மணி பத்தாயிற்று. பதினொன்றாயிற்று. நடக்கப்போவதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். அக்கா மகன் மட்டும் வந்தால் திருப்பி அனுப்பவேண்டும். அத்தானே வந்து கையைப் பிடித்தால் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கவேண்டும். பிறகு அழவேண்டும். அழுகைக்கும் ஓர் இடம் ஒதுக்கித்தான் வைத்திருந்தார் மனுஷன்.

பதினொன்றரைக்கு பைக் வந்தது. அக்கா மகன் மாரிசெல்வம், தனியாக. கண் வீங்கி, சட்டையெல்லாம் கரிசல் புழுதி. இறங்கி வந்து கைகட்டி நின்றான். அம்மா விடியக்காலம் தவறிவிட்டாள், சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறோம், மாமா வரவேண்டும் என்று முறைப்படி சொன்னான்.

மணிராஜ் எழுந்திருக்கவில்லை.

“கோடி வேணும்னா ஒங்க அப்பா வரணும்லே. அவிய வந்து கேக்கட்டும்.”

ஒன்பது வருஷமாகச் சேர்த்துவைத்த வார்த்தை. சொல்லி முடித்ததும் அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

மாரிசெல்வம் கோபப்படவில்லை. கோடி காலையிலேயே போட்டாயிற்று என்றான்.

யார் போட்டது என்று கேட்டார் மணிராஜ். குரல் ஏறிவிட்டது. நான் உயிரோடு இருக்கும்போது எவனுக்கு அந்தத் தைரியம் என்று நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

அம்மாதான் என்றான் மாரிசெல்வம். நாலு வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் இருந்து வந்த கையோடு விளாத்திகுளம் கடைக்குப் போய் ஒரு சேலை எடுத்துவந்து பெட்டியில் வைத்தாளாம். மகனைக் கூப்பிட்டுச் சொல்லியும் வைத்தாளாம். நான் போனதும் தம்பி கொடுத்துவிட்டான் என்று சொல்லி இதைப் போடு. உங்கள் அப்பா அவன் வாசலில் போய் நிற்கக் கூடாது. அவன் நிற்கவைத்தான் என்று ஊர் அவனைப் பேசவும் கூடாது.

சொன்னபடியே செய்துவிட்டார்கள். என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவன் இல்லையா, விடிவதற்குள் சேலையை அனுப்பிவிட்டான் பார் என்று வந்த பெண்களெல்லாம் சொல்லிச் சொல்லி அழுகிறார்களாம்.

உள்ளே வள்ளிமயில் வாய்விட்டு அழுதாள். இந்தத் தடவை அவர் அதட்டவில்லை.

இனிப் போகாமல் இருக்க முடியாது. கோடி அனுப்பியவன் துட்டி வீட்டுக்குப் போகாமல் இருப்பானா? போனால் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டு நல்லவன் என்பார்கள். அந்தச் சேலைக்குப் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதைவிட அக்கா தன்னை நாலு பேர் முன்னால் காறித் துப்பியிருக்கலாம் என்று இருந்தது மணிராஜுக்கு.

மாரிசெல்வம் பைக்கைக் கிளப்பினான். வாசல் திரும்புவதற்குள் ஏதோ நினைவு வந்து நிறுத்தினான்.

“அரக்குக் கலர் சேல மாமா. பச்சக் கர. அங்கன யாராவது கேட்டா நீங்க முழிச்சிறக் கூடாதுல்லா.”