வெட்டிய வரி

“படத்தை எழுத்தாய் மாத்தி அனுப்பேலுமோ?” சின்ன வயதில் ரூபன் கேட்டபோது ஜெகதீஸ்வரி சிரித்தாள். இன்று, கப்பலில் வேலை செய்யும் அவன் மின்னஞ்சலில் அனுப்பிய படம், புரியாத ஆங்கில எழுத்துகளாய் வந்து கிடந்தது.

கணினி படிப்பிக்கும் பிரசாந்தன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, எழுத்தைத் திரும்பப் படமாக்கும் கட்டளையைக் கறுப்புத் திரையில் தட்டினாள்.

“பிழையெண்டு வருது தம்பி.”

“எழுத்துக்கு மேலை ஏதும் வரி கிடக்கோ, அக்கா?”

“‘அன்பான அம்மாவுக்கு’ எண்டு கிடக்கு.”

“அதை வெட்டுங்கோ.”

“அது மட்டும் இருக்கட்டுமே?”

“இருந்தால் மகன்ரை முகம் பாக்கேலாது.”

“பிள்ளையாரே” என்றபடி வெட்டினாள். படம் விரிந்தது. கப்பல் தளத்தில் ரூபன் சிரித்துக்கொண்டு நின்றான்.

“மகன் சுகமோ அக்கா?”

“ஓம்” என்று போனை வைத்தாள். அந்த வீட்டில் அவளை அம்மா என்று கூப்பிட ஒருவரும் பிறந்ததில்லை.

மாங்குளம் சந்தியில் படத்தை அச்செடுத்து, பின்பக்கத்தில் ‘அன்பான அம்மாவுக்கு’ என்று எழுதினாள்.

ரூபனைப் பெற்ற பேச்சியம்மா பக்கத்து வீடு, மின்னஞ்சல் இல்லாதவள்; அவளுக்கு மகன் அனுப்புவது ஜெகதீஸ்வரியின் முகவரிக்கே வரும். ஜெகதீஸ்வரி காய்ச்சலில் தனியே கிடந்தபோது, கூப்பிடாமலே படியில் கஞ்சி வைத்துவிட்டுப் போனவள்.

பேச்சியம்மா வயலுக்குப் போன நேரம் பார்த்து, படத்தைக் கதவுக்கடியில் செருகிவிட்டு, கூப்பிடாமலே திரும்பினாள்.