கொண்டை ஊசி

"பாவாயி, அசையாதே. அப்படியே நில்லு!"

பெருக்கிக்கொண்டிருந்த பாவாயி குனிந்தபடியே நின்றாள். அவள் கொண்டையில் நீலப்பூ போட்ட பீங்கான் கைப்பிடி ஒன்று எட்டிப் பார்த்தது.

மியூசியப் பொறுப்பாளர் தேவகுமாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏற்காட்டுத் துரை பங்களாவை மியூசியமாக்கியபோது அதோடு வந்தவை, இங்கிலாந்தில் செய்த பன்னிரண்டு முள்கரண்டிகள். காலையில் எண்ணினால் பதினொன்றுதான் இருந்தன. சரிபார்க்க நாளைக்குச் சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார். இங்கே என்னடாவென்றால் பன்னிரண்டாவது, பெருக்குகிறவள் தலையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது!

வெடுக்கென்று பிடுங்கினாள். கொண்டை அவிழ்ந்து விழுந்தது.

"ஐயோ, அது என்னுதுங்க மேடம்! எங்க மாமியா இந்தப் பங்களாவுல ஆயாவா இருந்தாங்க. துரைசானி சீமைக்குப் போறப்ப குடுத்ததுங்க. மாமியா சாவற மட்டும் கொண்டை ஊசியாக் குத்தியிருந்தாங்க. நேத்துக் கருமாதி முடிஞ்சுதான் என் கைக்கு வந்துச்சுங்க."

"கொண்டை ஊசியா? இது கேக் சாப்பிடுறதுடி! உங்க வீட்டுல யாரு கேக் சாப்பிட்டா?"

கிளியூரில் பாவாயி வீட்டில் யாரும் கேக் சாப்பிட்டதில்லைதான்.

"போலீஸுக்குப் போனா ஆறு மாசம் உள்ளே. நான் அந்த மாதிரி ஆள் இல்லை. எடுத்தேன்னு ஒத்துக்கோ, வேலையாவது மிஞ்சும்."

பாவாயி அழுதாள். மாமியார் நினைவாக அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். ஆனால் வீட்டில் உலை கொதிப்பது இந்த வேலையை நம்பித்தான்.

"நீங்களே வெச்சுக்குங்க மேடம். வேலையை விட்டு மட்டும் நிறுத்திராதீங்க."

தன் பெருந்தன்மையை நினைத்து தேவகுமாரிக்கே மெய்சிலிர்த்தது.

மறுநாள், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தலைசுற்றி வந்து சேர்ந்த அதிகாரி, கரண்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"பன்னிரண்டும் இருக்கு. இதுக்கு மட்டும் பின்னால நம்பர் காணோமே?"

"பெருக்குறவ திருடிட்டா சார். நம்பரைச் சுரண்டியிருப்பா. பாவம்னு மன்னிச்சு விட்டுட்டேன். இதோ, இப்பவே எழுதிடுறேன்."

பெயின்ட் எடுக்க மேஜை டிராயரை இழுத்தாள் தேவகுமாரி.

உள்ளே, காகிதத்தில் சுற்றிய ஒரு நீலப்பூ முள்கரண்டி. முனையில் காய்ந்துபோன கேக் துணுக்கு. பின்னால் சிவப்பு எழுத்தில் 12.

போன வாரம் அவளுக்குப் பிறந்தநாள். விரலில் கிரீம் ஒட்டுமே என்று கண்ணாடிப் பெட்டியைத் திறந்து எடுத்தவள் அவளேதான்.

"என்னம்மா, பெயின்ட் இல்லையா?"

"இருக்கு சார்."

டிராயரை மூடினாள். பாவாயியின் கரண்டியில் 12 என்று முத்து முத்தாக எழுதினாள்.

அதிகாரி கையெழுத்துப் போட்டார். "உங்களை மாதிரி இளகின மனசு யாருக்கு வரும்?" என்று பாராட்டிவிட்டும் போனார்.

வாசலில் காப்பிச் செடிக் குச்சி ஒன்றைக் கொண்டையில் செருகிக்கொண்டு நின்றாள் பாவாயி.

"ஏனுங்க மேடம், நம்பர் போட்டாச்சுங்களா?"

"ம்... போட்டாச்சு."

"நொம்ப நல்லதுங்க. இனிமே அதை யாரும் திருட முடியாதுங்க."