கடைசி அரை யூனிட்

"இந்த அரை யூனிட்டையும் நிறுத்திப் பாத்துடலாமா டாக்டர்?"

வானதி இப்படிக் கேட்டதும் டாக்டர் கலைமகள் சிரித்துவிட்டார். தஞ்சாவூரில் நாய், பூனைகளுக்கென்று தனியாக கிளினிக் வைத்திருப்பவர். அவருடைய மேஜைமேல் துரை நீட்டிப் படுத்திருந்தது. ஆறு கிலோ எடையில் செம்பட்டை நிறக் கடுவன் பூனை. புரட்டாசி மாதம் அதற்குச் சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை இன்சுலின்.

"இப்பதான் ஒண்ணுலேருந்து அரைக்குக் குறைச்சோம். அதுக்குள்ள என்னங்க அவசரம்?"

"ஊசி இல்லாம அது நல்லா இருந்தா போதும் டாக்டர்."

பக்கத்து நாற்காலியில் இருந்த ரஞ்சித் குறுக்கிட்டான். பேராவூரணியில் தேங்காய் மண்டி வைத்திருப்பவன். வியாபாரத்தை விட்டுவிட்டு எழுபது கிலோமீட்டர் கார் ஓட்டி வந்திருந்தான்.

"இவளுக்குத் துரைன்னா உசுரு டாக்டர். கல்யாணத்துக்கு முன்னாடியே நான் வளர்த்த பூனை. ஆனா ஊசி போடுறது இவதான். எனக்கு ஊசியைப் பாத்தாலே தலை சுத்தும். உங்களுக்குத்தான் தெரியுமே!"

டாக்டருக்குத் தெரியும். முதல் நாள் ஊசி போடக் கற்றுக்கொடுத்தபோது, அவன் இதே அறையில் மயங்கி விழுந்து, முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது.

"காலையில ஆறு மணி, சாயந்திரம் ஆறு மணி. ஒரு வேளை தப்பினதில்ல. திருவாரூர்ல இவ தங்கச்சிக்கு வளைகாப்பு. சாப்பிட்ட கையோட பஸ் ஏறி வந்துட்டா. பூனை ஒண்ணு போதும், பொறந்த வீட்டையே மறந்துடுவா." ரஞ்சித் பெருமையாகச் சிரித்தான். "அங்க டீச்சரா இருந்தவ. மண்டிக்காரன் பொண்டாட்டிக்கு வேலை எதுக்குன்னு நான்தான் நிறுத்தினேன். அதுவும் நல்லதாப் போச்சு. இல்லைன்னா துரையை யார் பாக்கறது?"

வானதி சர்க்கரை அளவு எழுதிவைத்த நோட்டை எடுத்து டாக்டர் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பாடு என்ன குடுக்கறீங்க?" என்றார் டாக்டர்.

"எப்பவும் போல பால் சோறுதான்" என்றான் ரஞ்சித்.

"அதை நிறுத்தி அஞ்சு மாசமாச்சு. வேகவெச்ச கோழி, மத்தி மீன், அவ்வளவுதான். சோறு ஒரு பருக்கை கூட கிடையாது" என்றாள் வானதி.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். தேதிவாரியாக எண்கள். எல்லாம் கட்டுக்குள் இருந்தன.

"சரி, நிறுத்திடுவோம். ஆனா நாலு வாரம் தினமும் சர்க்கரை பாக்கணும். ஏறுச்சுன்னா மறுபடியும் ஊசிதான்."

அந்த நாலு வாரமும் வானதி ரஞ்சித்தோடு பேசியதைவிடப் பூனையோடு பேசியதுதான் அதிகம். காலையில் துரையை மடியில் வைத்து, காது ஓரத்தில் ஒரு குத்து. துளி ரத்தம். மீட்டரில் தெரியும் எண்ணை நோட்டில் எழுதுவாள். ஒரு நாள் நூற்றி எண்பது காட்டியது. அன்றைக்கு முழுவதும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"நாளைக்குக் குறைஞ்சிடும், விடு" என்றான் ரஞ்சித்.

மறுநாள் நூற்றிப் பத்து. கல்யாணமான இந்த நாலு வருஷத்தில் அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அவன் பார்த்ததே இல்லை. இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்று மண்டியில் எல்லோரிடமும் சொன்னான்.

நாலு வாரம் முடிந்து மறுபடி கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் துரையின் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

"இனிமே ஊசி வேண்டாம். சில பூனைக்குத் திரும்ப வரும். அதனால சாப்பாட்டை மாத்தாதீங்க. மாசம் ஒரு தடவை கொண்டுவந்து காட்டினா போதும்."

"வீட்டுல குத்திப் பாக்க வேண்டாமா?"

"வேண்டாம். நாங்களே இங்க பாத்துக்கறோம். நிறைய தண்ணி குடிச்சா, இளைச்சா, உடனே கொண்டாங்க."

"அப்ப, ஊசி போடத் தெரியாதவங்க கூட இதைப் பாத்துக்கலாம்?"

"தாராளமா!"

தன்னைத்தான் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து ரஞ்சித் வாய்விட்டுச் சிரித்தான்.

திரும்பும்போது ஒரத்தநாட்டில் காரை நிறுத்தி இரண்டு டீ வாங்கிவந்தான்.

"நான் டீ குடிக்கறதில்லைங்க."

"அப்படியா? எப்பலேருந்து?"

"எப்பவுமே."

அவன் இரண்டையும் குடித்துவிட்டு வண்டியை எடுத்தான்.

அன்று சாயங்காலம் ஆறு மணி. ரஞ்சித் சோபாவில் சாய்ந்திருக்க, துரை அவன் வயிற்றின்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வானதி பெட்டியோடு அறையிலிருந்து வந்தாள்.

"திருவாரூருக்கா? போயிட்டு வா. இனி துரை உன்னைப் பிடிச்சு வச்சுக்காது. எப்ப திரும்புவ?"

"திரும்பி வர மாட்டேன். பழைய ஸ்கூல்லயே வேலை கிடைச்சிருக்கு. திங்கட்கிழமை சேரணும். துரைக்கு என்ன குடுக்கணும், எவ்வளவு குடுக்கணும்னு எல்லாம் எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன்."

துரை விழுந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"என்ன வானதி? திடீர்னு என்ன ஆச்சு உனக்கு?"

"திடீர்னு இல்லைங்க. துரைக்குச் சர்க்கரைன்னு டாக்டர் சொன்னாங்களே, அன்னைக்கு மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பறதா இருந்தேன்."