பாட்டு முடியும்வரை

காலை பிரேயரில் நாட்டுப்பண் தொடங்கியதுமே கணக்கு ஆசிரியர் தனசேகர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பாட்டு முடியும்வரை ஆசிரியர்கள் ஒருவரும் அசையவில்லை. அசையாமல் நிற்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களே அவர்கள்தானே. முடிந்த பிறகுதான் ஓடினார்கள். பியூலா டீச்சர் அவர் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். உயிர் திரும்பவில்லை.

அடுத்த வாரம், ஆசிரியர்களைத் தேற்ற ஒரு மனநல ஆலோசகர் வந்தார். ஆளுக்கொரு ஸ்பாஞ்ச் பந்து கொடுத்தார். அதில் சிரித்த முகம் ஒன்று வரைந்திருந்தது.

"மனசு பாரமா இருக்கறப்போ இத அமுக்குங்க. அன்னிக்கு உங்களுக்குள்ள என்ன ஓடுச்சு? யாராச்சும் சொல்லுங்க."

"பாட்டு சீக்கிரம் முடியாதான்னு ஓடுச்சு மேடம்," என்றாள் பியூலா.

தலைமையாசிரியர் சட்டென்று எழுந்தார். "டைம் ஆச்சு. நன்றி சொல்லி முடிச்சுக்கலாம்."

நன்றியுரைக்குப் பின் வழக்கம்போல நாட்டுப்பண் ஒலித்தது. எல்லோரும் விறைத்து நின்றார்கள். பியூலா தரையில் மண்டியிட்டு, பந்தைக் கீழே வைத்து, இரண்டு கைகளாலும் அழுத்தத் தொடங்கினாள். சிரித்த முகம் நசுங்கி நசுங்கி எழுந்தது. தலைமையாசிரியரின் கண்கள் அவளை அதட்டின. ஆனால் தடுக்க ஒருவரும் அசையவில்லை. பாட்டு இன்னும் முடியவில்லை.