குளத்தில் நின்ற கால்

"குளத்துல இறங்குனியா? தகடு வச்சுத் தச்ச காலோட குளத்துல இறங்குனியா?"

மனைவி போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். கட்டிலில் கிடந்த கொத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாரம் சரிந்து விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, தகடும் திருகாணியும் வைத்து முடுக்கிய கால். பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் ஆறி வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவரும் போனார். ஆனால் புண் மூடவில்லை. ஊசியை மாற்றி, மாத்திரையை மாற்றி, மறுபடி கீறிக் கழுவி எல்லாம் பார்த்தாயிற்று. சீழ் நின்றபாடில்லை.

இன்றைக்குத்தான் டாக்டரம்மா காரணத்தைச் சொன்னார். எங்கோ ஒருவருக்கு வருகிற கிருமியாம். மீனிலும் மீன் கிடக்கிற தண்ணீரிலும் இருக்குமாம். எலும்பு வரை அரித்துவிட்டது, காலை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்.

"மீன் எதுவும்..." என்று அவர் கேட்க வாயெடுப்பதற்குள் கொத்தனார் முந்திக்கொண்டார். வீட்டில் அடைந்து கிடக்க முடியாமல் குளத்துக்குத் தூண்டில் போடப் போனதையும், கட்டோடு தண்ணீரில் நின்றதையும் மளமளவென்று ஒப்புக்கொண்டார். அதற்குத்தான் இந்தச் சத்தம்.

"ஏன்யா, ஒரு மீனாவது மாட்டுச்சா?"

"இல்ல."

"எப்படி மாட்டும்? நீதான் மாட்டியிருக்கே!" அவள் குரல் உடைந்தது. "வேலை விட்டு வந்து செருப்பைக் கழட்டுனதும் உன் காலைத்தானே மடியில எடுத்து வச்சேன்? கட்டைப் பிரிச்சு, பச்சப்புள்ளையைத் துடைக்கிற மாதிரி துடைச்சு விட்டேனே, ஒரு நாள் தவறியிருப்பேனா? நான் பொத்திப் பொத்திப் பார்த்ததை நீ கொண்டுபோய்த் தண்ணியில ஊறப் போட்டிருக்கியே, பாவி மனுஷா!"

"தப்புதான். திட்டிக்கோ."

"திட்டுனா கால் முளைக்கவா போகுது?"

இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கட்டிலை விட்டு இறங்கவே உங்களை ரெண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கு. குளத்துக்கு யாரு தூக்கிட்டுப் போனாங்க?"

கொத்தனார் சாத்திய கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"காலை எடுத்தப்புறம் நர்ஸம்மாதான் கட்டுப் பிரிக்கணும், வீட்டுக்காரி தொடவே கூடாதுன்னு அவகிட்ட கண்டிப்பாச் சொல்லிடுங்கம்மா. ஏன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"ஏன்? அவங்க என்ன வேலை பாக்குறாங்க?"

கதவுக்கு வெளியே அவள் விசும்புவது கேட்டது. கொத்தனார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சந்தையில மீன் வெட்டுறாம்மா."