துத்தநாக ஆணி வழக்கு

சாட்சிக் கூண்டில் நின்ற ஸகியா இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

கோணாமலைக்குக் குழப்பமாக இருந்தது. பன்னிரண்டு வருடமாக மட்டக்களப்புக் கோர்ட்டில் மொழிபெயர்க்கிறார். இத்தனை சுலபமான கேள்விக்கு இவ்வளவு நேரம் எடுத்த சாட்சியை அவர் கண்டதில்லை.

வழக்கு அவளுடைய புருஷன் மஜீட்டின் ஆணிகளைப் பற்றியது. கொறுக்காய்ப்புளித் தண்ணீரில் இரும்பாணியை ஊறவைத்து, காயவிட்டு, உருக்கிய துத்தநாகத்தில் முக்கினால் பூச்சு உரிவதில்லை. வருடக்கணக்காக வாவியின் உப்புத்தண்ணீரில் கிடந்தாலும் தோணியின் ஆணி துருப்பிடிப்பதில்லை.

அந்த முறைக்கு மஜீட் பேட்டன்ட் எடுத்திருந்தார். கொழும்புக் கொம்பனி ஒன்று அதை ரத்துச் செய்யக் கேட்டது. தொழில் தெரிந்த யாருக்கும் தானாகத் தோன்றக்கூடிய வேலை, இது கண்டுபிடிப்பே அல்ல என்பது அவர்கள் வாதம்.

பட்டறையில் கூடவே நிற்பவள் என்று கொம்பனிக்காக வாதாடிய அப்புக்காத்துதான் ஸகியாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருந்தார். அவர் இங்கிலீஷில் கேட்டதைத்தான் கோணாமலை தமிழில் சொல்லியிருந்தார்.

"தொழில் தெரிஞ்ச ஒருத்தனுக்கு இது லேசில தோணுமா, தோணாதா?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மஜீட்டைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் குர்ஆனில் சத்தியம் செய்த தன் கையைப் பார்த்தாள்.

தோணாது என்று சொன்னால் புருஷனின் பேட்டன்ட் பிழைத்துப்போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒருவேளை புருஷனோடு கோபமோ? கோணாமலைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கேள்வியை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். ஒரு சொல்லும் மாறாமல் சொல்லவேண்டும் என்றாள். சொன்னார்.

அவள் முகம் தெளிந்தது.

"ஒருத்தனுக்கும் தோணாது ஐயா. இவரே மூணு வருஷம் மண்டைய உடைச்சவர்."

நீதிபதி எழுதிக்கொண்டார். கொம்பனியின் மனு அன்று பின்னேரமே தள்ளுபடியானது.

வீட்டுக்குப் போக மஜீட் மாட்டுக்கரத்தை வண்டி ஒன்று பிடிக்கப் போன நேரம், விறாந்தையில் நின்ற கோணாமலையிடம் ஸகியா வந்தாள். கோர்ட்டில் ஒருத்தனுக்கு என்றுதானே கேட்டீர்கள் என்றாள். ஓம் என்றார். ஒருத்திக்கு என்று கேட்கவில்லையே? இல்லை என்றார்.

அப்புக்காத்து சொன்ன இங்கிலீஷ்ச் சொல்லில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அப்ப என்ட சத்தியம் பொய்யில்ல ஐயா. எனக்கு அது ஒரு பகல்லயே தோணிட்டுது."