அவருக்குப் பிடித்த ஸ்டூ

மாட்டுக்கறி வதங்கும் வாசனை படுக்கையறை வரை வந்துவிட்டது. கண்ணைத் திறக்காமலே லிஃப்ட் மெக்கானிக்குக்குப் புரிந்தது, இன்று அந்த நாள். அவன் மனைவியின் முதல் புருஷன் செத்த நாள்.

அவனுக்கு அன்று வார விடுமுறை. எழுந்து சமையலறைக்குப் போனான். அவள் முதுகைக் காட்டி நின்று, கறித் துண்டுகளை வாணலியில் புரட்டிக்கொண்டிருந்தாள். வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மற்ற நாட்களில் அவள் பாடி அவன் கேட்டதே இல்லை.

'பழைய ஞாபகம் பாட்டா வருதாக்கும்' என்று நினைத்துக்கொண்டான்.

"லீவு போட்டுட்டியா?"

"ம்ம். கண்ணாடிக் கடையில நேத்தே சொல்லிட்டேங்க. இது சாயந்திரம் வரைக்கும் வேகணுமில்ல?"

சிவக்க வதங்கிய கறியை, கரண்டில் மெல்ல வேகவைக்கும் ஸ்லோ குக்கரின் பீங்கான் பானைக்குள் சரித்தாள். மேலே கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி, மிளகு, பிரிஞ்சி இலை. பூண்டை மட்டும் நசுக்காமல் முழுசு முழுசாகப் போட்டாள். எலும்பு வேகவைத்த சாற்றை ஊற்றி மூடியவள், குழந்தையைத் தூங்கவைப்பது போலக் கண்ணாடி மூடியை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

கல்யாணமான வருஷமே சொல்லியிருந்தாள்: "இது இன்னிக்கு மட்டும் செய்யறதுங்க. அவர் போன நாள்." அதற்கு மேல் அவள் பேசவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்கலாம்தான். கேட்டு, 'உங்களைவிட அவர்தான்' என்று அவள் முகம் சொல்லிவிட்டால்?

அந்த ஆளின் போட்டோ ஒன்றுகூட வீட்டில் கிடையாது. மனசுக்குள்ளேயே மாட்டி வைத்திருக்கிறாள் போல. உயிரோடு இருக்கிறவன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். செத்தவனை எங்கே போய்ப் பிடிப்பது?

அவனுக்குக் கிடைப்பதெல்லாம் வேலைக்கு ஓடும் அவசரத்தில் போட்ட ஆம்லெட். இருக்கிறவனுக்கு அவசர முட்டை, போனவனுக்கு நாள் முழுக்க விருந்து! அந்த ஸ்டூ ருசியாக வேறு இருந்து தொலைக்கும். போன வருஷம் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போது தன்னையே திட்டிக்கொண்டான்.

மதியத்துக்கு மேல் அவனுடைய அக்கா போன் செய்தாள்.

"என்னடா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. இன்னிக்கு அந்தாளு செத்த நாள். இவ காலையிலேருந்து அடுப்படியே கதின்னு கிடக்கா."

"இன்னுமா அதை விடலை? நல்லா இருக்குடா நியாயம். அவ அவரை நினைச்சு ஆக்குவாளாம், நீ உக்காந்து தின்பியாம். ரோஷம்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

போனை வைத்த பிறகும் அந்தக் கடைசிக் கேள்வி காதிலேயே நின்றது. மனைவி ரொட்டி வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். கண்ணாடி முன் நின்று பொட்டைச் சரிசெய்தபடி, "மூடியத் திறந்துடாதீங்க, சூடு போயிடும்" என்றாள். சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியவில்லை.

கதவு சாத்தியதும் ஸ்விட்சை அணைத்தான். மனசு ஆறவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். அப்போதும் ஆறவில்லை. மூடியின் இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டே இருந்தது, யாரோ உள்ளே இருந்து அவனைப் பார்த்துச் சிரிப்பது போல.

துணியைச் சுற்றிப் பீங்கான் பானையை அப்படியே வெளியே தூக்கினான். பின்வாசல் பக்கம் இருந்த குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு, வருவது வரட்டும் என்று திரும்பினான்.

பர்ஸை மறந்து வைத்துவிட்டுப் போனவள் திரும்பி வந்து, பின்வாசற்படியில் நின்றிருந்தாள்.

அவள் கத்தவில்லை. பானையைப் பிடுங்கவும் வரவில்லை. இரண்டு கைகளும் தானாக மேலே எழுந்து முகத்தை மறைத்துக்கொண்டன. சுவரோடு சுவராக ஒட்டி, அவனுக்கு வழி விட்டு நின்றாள்.

அந்த நிற்பு அவனுக்குப் புரியவில்லை. வருஷக்கணக்காக அடக்கி வைத்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"என்னால முடியலடி! உனக்கு நான் யாரு? அந்தாளு போயும் நீ அவரை விடல. அவருக்குப் பிடிச்சதை வருஷா வருஷம் பாட்டுப் பாடிக்கிட்டு ஆக்குற. நான் உக்காந்து தின்னணும்!"

அவள் கைகளை மெதுவாக இறக்கினாள். அழுகிறாளோ என்று பார்த்தான். இல்லை. ஆச்சரியமாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குப் பிடிச்சதா? யாருங்க சொன்னா? இது எனக்குப் பிடிச்சது. அவருக்கு இந்த வாசனையே ஆகாது."

"அப்புறம் எதுக்கு அவர் செத்த நாளாப் பார்த்து…"

"துக்கத்துக்கு வந்தவங்க எல்லாம் போனப்புறம், கதவைச் சாத்திக்கிட்டு எனக்காக இதை வச்சேங்க. எத்தனையோ வருஷத்துக்கப்புறம் பயமில்லாம உக்காந்து சாப்பிட்ட சாப்பாடு அது. அந்த நிம்மதியை மறக்கக் கூடாதுன்னுதான் செய்யறேன்."

பானையின் சூடு துணியைத் தாண்டி உள்ளங்கையைச் சுட்டது. அவன் அதைக் கீழே வைக்க மறந்து நின்றான்.

"அதுக்கு முன்னாடி செஞ்சதே இல்லையா?" என்று கேட்டான்.

"கல்யாணமான புதுசுல ஆசையா ஒரு தடவை செஞ்சேன்."

"என்ன பண்ணினார்?"

அவள் அவன் கையைப் பார்த்தாள்.

"இப்படித்தாங்க, பானையத் தூக்கிக்கிட்டு நின்னாரு."